நாற்பதாவது நொடி

லைசன்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோவை ராபியா டீச்சரிடம் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் தொபியாஸ். டீச்சரைவிட இருபது வயது பெரியவர். ஐஸ் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சோல்டரிங்கில் கெட்டிக்காரர். விதிமுறை என்றால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

வீட்டிலேயே ஒரு ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ரேடியோ கட்டினார். அது ஒரே அலைவரிசையில் நிற்காது. நொடிக்கு ஒன்றாக நாற்பது அலைவரிசைகளில் தாவித் தாவி அனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

“எந்த வரிசையில தாவுதுன்னு லாக் புத்தகத்துல எழுதுங்க சார். உங்க லைசன்ஸ்ல இருக்கற கால் சைனை எல்லாருக்கும் புரியறாப்ல சொல்லுங்க. யாருக்காவது இடைஞ்சல்னா உடனே நிறுத்தணும். அணைக்க ஆள் இல்லாம ஓட விடாதீங்க” என்றார் டீச்சர்.

“ஒரு இடத்துல ஒரே ஒரு நொடிதான் டீச்சர் நிக்குது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

டீச்சர் லாக் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. தொபியாஸின் மகன் லூர்து ‘சலேத் மாதா’ படகில் கடலுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. தகவல் கிடைக்குமா என்று அவர் இடுப்பளவு தண்ணீரில் டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த சிறிது நேரத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஓடைப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது.

துறைமுகத்திலிருந்து ஒருவர் ஹாம் ரேடியோவில் படகுகளின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்.

“ ‘ஜெபமாலை’, எட்டு பேர், கரை சேந்தாச்சு. ‘கடல் முத்து’, அஞ்சு பேர், தகவல் இல்ல. ‘சலேத் மாதா’, ஆறு பேர்…”

கர்ரென்று ஓர் இரைச்சல். அது அடங்கியபோது வேறொரு படகின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

தொபியாஸ் ரேடியோவை நோக்கிக் குனிந்தார். “என்ன சொன்னாரு? டீச்சர், என்ன சொன்னாரு?”

“எனக்கும் கேக்கல சார்.”

“எந்தப் பாவிப்பய இந்த நேரத்துல…”

மறுபடி அதே இரைச்சல். இன்னொரு படகின் தகவலும் அதில் கேட்காமல் போயிற்று. டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

அவர் நொடி முள்ளையே பார்த்தார். அடுத்த இரைச்சல் வந்தது. நாற்பது நொடி. அதற்கடுத்ததும் வந்தது. நாற்பது நொடி.

“என்னோடதுதான் டீச்சர். அந்த நாப்பதுல இந்த அலைவரிசையும் ஒண்ணு. வீட்டுல பேட்டரியில ஓடுது. அணைக்காம வந்துட்டேன்.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“யாருமில்ல. எல்லாரும் முகாமுக்குப் போயிட்டாங்க.”

காற்று ஜன்னலை அறைந்தது. தொபியாஸ் குரலைத் தாழ்த்தினார். “நம்ம படகை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. என் பேரு வேண்டாம். லைசன்ஸைப் பிடுங்கிருவாங்க.”

“இதுவரைக்கும் எத்தனை படகு இப்படிப் போச்சு சார்?”

அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவே பயமாக இருந்தது.

டீச்சர் மைக்கை அவர் பக்கம் தள்ளினார்.

தொபியாஸ் தன் கால் சைனைச் சொன்னார். “இந்த இரைச்சல் என்னோட ரேடியோ. இப்போ போய் அணைக்க வழியில்ல. நாப்பது நொடிக்கு ஒரு தடவை வரும். அந்த நேரம் மட்டும் நிறுத்திட்டுப் படிங்க.”

துறைமுகத்திலிருந்தவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. யாராவது திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி. முதல்ல இருந்து வாசிக்கிறேன்.”

நாற்பதாவது நொடி நெருங்கும்போதெல்லாம் குரல் நின்றது. இரைச்சல் தனியாக வந்து தனியாகப் போனது. கரையோரம் முழுக்க எத்தனையோ பேர் அதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

“ ‘கடல் முத்து’, அஞ்சு பேர், தகவல் இல்ல. ‘சலேத் மாதா’, ஆறு பேர்.”

குரல் நின்றது. போன இரைச்சலிலிருந்து முப்பத்தெட்டு நொடி ஆகியிருந்தது.

தொபியாஸ் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் எவ்வளவு நேரம் டீச்சர்?”

“ஒரே ஒரு நொடிதான் சார்.”