மூன்று வேளை

இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயது. சிஷ்யைக்கு நாற்பத்தொன்று.

குரு ரிஸ்வானா, தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். சிஷ்யை செல்வமேரி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய கையோடு தானும் கல்லூரிக்குப் போய் பார்மசி டிப்ளமோ முடித்தவர். ரிஸ்வானாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உரிமத் தேர்வில் முதல் தடவை நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டார். அடுத்த தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த முறையும் போனால் ஆஸ்பத்திரியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

“மேடம், கவுண்டர்ல நின்னா படிச்சதெல்லாம் பறந்து போயிருது. பரீட்சை முடியுற வரைக்கும் என்னை உள்ளே ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிருங்களேன். பாஸாகிட்டு வந்து தைரியமா நிக்கேன்.”

ரிஸ்வானா வாய் திறப்பதற்குள் ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்து நின்றார். உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள். காலில் புண். ஐந்து நாளுக்கு முன் இதே கவுண்டரில், செல்வமேரி கையால் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போனவர்.

“புண்ணு ஆறவே இல்லம்மா. சீழ் நிக்கல.”

“மாத்திரை மிச்சம் இருக்கா?” என்றார் ரிஸ்வானா.

பேச்சியம்மாள் மாத்திரை அட்டையை நீட்டினார். பதினைந்தில் ஐந்து அப்படியே இருந்தது.

செல்வமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. “மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அக்கா! நீங்க பாட்டுக்கு விட்டிருக்கீங்க.”

“ஒண்ணுகூட விடலியே. சாப்பிட்ட உடனே போட்டுருவேன்.”

“அப்ப எப்படி மிச்சம்?”

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“நான் ரெண்டு வேளதானம்மா சாப்பிடுதேன்.”

செல்வமேரியின் முகம் சுண்டிப்போனது. பாவம், பரீட்சையில் ‘மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று எழுதியிருந்தால் யாரும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்க மாட்டார்கள்.

ரிஸ்வானா பேச்சியம்மாளைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனார். கதவு திறந்தே கிடந்ததால் பேச்சு கவுண்டர் வரை கேட்டது.

“டாக்டர், மருந்து போடுற முறையை நான் இவங்களுக்குச் சரியா விளக்கல. என் தப்பு. இவங்களைத் திட்டாதீங்க.”

ரிஸ்வானாவை டாக்டர் திட்டியதும் கேட்டது.

ரிஸ்வானா திரும்பி வரும்போது செல்வமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொன்னது நான். பேச்சு வாங்குறது நீங்களா மேடம்?”

“உரிமம் என்கிட்டதானே இருக்கு.”

“எனக்குப் பயமா இருக்கு. உள்ளேயே அனுப்பிருங்க.”

ரிஸ்வானா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். “முதல்ல குடிங்க. மத்தியானம் கூட்டம் இருக்காது, ரெண்டு மணி நேரம் உக்காந்து படிங்க. புரியாததை நான் சொல்லித் தர்றேன். நீங்க பாஸாகிருவீங்க அக்கா, எனக்குச் சந்தேகமே இல்ல.”

“மத்த நேரம்?”

“கவுண்டர்லதான்.”

“மறுபடியும் தப்பு வந்துட்டா?”

“பாஸாகுற வரைக்கும்தான் அக்கா உங்க தப்பு என் பேர்ல வரும். கத்துக்கக் கிடைச்ச இந்தப் பன்னெண்டு நாளையும் ஸ்டாக் ரூம்லயா கழிக்கப் போறீங்க?”