சாம்பிக்கு இல்லாமல் போன இடம்

அந்தக் காலத்தில் நாய்கள் காலை நீட்டித்தான் படுத்தன. இப்போது மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, தரையை மோந்து, யோசித்து, பிறகு வாலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு சுருளுகிற வேலையெல்லாம் அப்போது கிடையாது. நினைத்த இடத்தில் பொத்தென்று விழும். நாலு காலும் நாலு பக்கம் போகும். பேசத் தெரிந்த பிராணிகள் அல்லவா, படுப்பதையும் மனிதரைப் பார்த்தே பழகியிருந்தன.

அப்போது ஒரு கரட்டுக் குன்றின் அடியில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். வீடு என்றால் ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் தானியக் குதிர். அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆமணக்குச் செடிகள் மட்டுமே. வாசலுக்கு எதிரே ஒரு வண்டித் தடம் கடற்கரைப் பக்கமாகப் போனது. அவள் புருஷன் சடையன் அந்தத் தடத்தில்தான் உப்பு ஏற்றிவர வண்டி கட்டிக்கொண்டு போனான். "மழைக்கு முந்தி வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மழை வந்தது. அதற்கடுத்த மழையும் வந்தது. எந்த மழையைச் சொன்னான் என்று அங்காயி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்தால் மேற்குச் சுவரோரம் அவனுடைய கோரைப்பாயை விரிப்பாள். விடிந்ததும் சுருட்டி வைப்பாள். அதில் அவள் படுப்பதில்லை, உட்காருவதுகூட இல்லை. களைத்து வருகிற மனுஷன் படுக்க இடம் தேட வேண்டாமே என்பாள். உண்மையில் அவள் மனசுக்குள் இருந்தது வேறு. பாய் விரிந்து கிடக்கிறவரைக்கும் அவன் எங்கேயோ வழியில் வந்துகொண்டிருக்கிறான். சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டால் அவன் இல்லை.

அவளுக்குத் துணை மூன்று நாய்கள். மூத்தவன் கருவாயன். "வீட்டைப் பாத்துக்கடா" என்று சடையன் விட்டுப்போனவன், அந்தப் பெருமையிலேயே பாதி வயிறு நிரம்பியவன். அடுத்தவன் செவலை, ஏதோ சந்தையில் வழிதவறி வந்து ஒட்டிக்கொண்டவன். சின்னவன் குட்டையன். அவனைக் கண் திறக்காத குட்டியாக ஓடைக்கரையில் கண்டெடுத்து வந்திருந்தாள். மூன்றும் நல்ல பிள்ளைகள்தான், பகல் முழுக்க. விளக்கு வைத்துவிட்டால் போதும், யார் எங்கே படுப்பது என்று சண்டை தொடங்கிவிடும். நாய் படாத பாடு என்கிறார்களே, அதை அந்த வீட்டில் அங்காயிதான் பட்டாள்.

"மூத்தவன் நானு. அடுப்போரம் எனக்குத்தான்."

"போன வாரம் பூரா நீதான் அங்க படுத்த. எனக்கு எலும்பு நோவு" என்பான் செவலை.

"உனக்கு எலும்பு நோவுன்னா எனக்குக் குளிர் ஆகாது!" என்று நடுவில் புகுவான் குட்டையன்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்புச் சாம்பலை ஒரு கொட்டாங்கச்சியில் அள்ளினாள். மூன்றையும் எதிரே உட்காரவைத்து, தரையில் கோடு போட்டுக் கட்டம் கட்டினாள். வாசற்படிக்கு உள்பக்கம் கருவாயனுக்கு. அடுப்போரம் செவலைக்கு. தன் கால்மாட்டில் குட்டையனுக்கு. "இனி அவனவன் கோட்டுக்குள்ள அவனவன். மீறினவனுக்குக் களி கிடையாது" என்றாள்.

அன்றைக்கே அமைதி வந்துவிட்டது. சண்டை ஒழிந்தது என்று அங்காயிக்கு நிம்மதி. ஆனால் ஒன்று. கோடு என்று வந்துவிட்டால் மனிதனே கோட்டோடு நிற்கமாட்டான், நாய் எப்படி நிற்கும்? பட்டா வாங்கிய பண்ணையார்போல ஒவ்வொன்றும் தன் கட்டத்தின் நாலு ஓரத்தையும் தொடுகிற மாதிரி நீட்டி நிமிர்ந்து படுத்தது. தேவைக்குப் படுப்பது போய், உரிமைக்குப் படுப்பது வந்தது.

சாம்பி வந்தது அதற்குப் பிறகு, ஒரு வெயில் காலத்தில். சாம்பல் நிறப் பெட்டை நாய், ஒரு காது கிழிந்திருந்தது, வயசும் கொஞ்சம் ஆனவள். வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி வேணும்?" என்று கேட்டாள் அங்காயி.

"ஒண்ணும் வேண்டாமுங்க ஆத்தா. தடத்துல போயிட்டிருந்தேன். பேச்சுச் சத்தம் கேட்டுது. கேட்டு ரொம்ப நாளாச்சு."

அங்காயிக்கு அந்தப் பதில் நெஞ்சில் போய்த் தைத்தது. பேச்சுச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிற வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? செவலையும் குட்டையனும் வருவதற்கு முன்னால், கருவாயன் தூங்கிவிட்டால் அவள் குதிரோடு பேசிக்கொண்டிருந்தவள். ஒரு உருண்டை களியைக் கொண்டுவந்து வைத்தாள். "இடங்கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க ஆத்தா, ஜாக்கிரதை" என்றான் செவலை உள்ளேயிருந்து. சாம்பி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தின்றுவிட்டு ஆமணக்குச் செடிக்கடியில் போய்ப் படுத்தாள். வெயில் காலம். வெளியில் காற்று நன்றாக இருந்தது. யாரும் அவளுக்கு ஒரு கட்டம் போட நினைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாயங்காலங்களில் அங்காயி வண்டித் தடத்தில் போய் நிற்பது வழக்கம். மற்ற மூன்றும் ஆரம்பத்தில் கூட வந்தவைதான். பிறகு அலுத்துவிட்டது. கருவாயன்கூட, "காலையில வந்தாலும் வருவாரு ஆத்தா, இப்ப வாங்க" என்று கொட்டாவி விடுவான். சாம்பி மட்டும் தினமும் அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற பக்கமே பார்த்தாள்.

"அவர் எப்படி இருப்பாருங்க ஆத்தா?"

"ஒசரம். சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும்."

"அப்ப நான் தூரத்துலயே கண்டுக்குவேன்."

"வருவாராடி?"

"வருவாருங்க."

சாம்பிக்குச் சடையனைத் தெரியாது, கடலையும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் அங்காயிக்கு அன்றைக்குக் களி இறங்கும்.

பிறகு ஐப்பசி வந்தது. ஒரு நாள் கடற்கரையிலிருந்து உப்பு வண்டிகள் வரிசையாக வந்தன. அங்காயி ஒவ்வொரு வண்டியாக ஓடிப்போய் விசாரித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி வண்டிக்காரர் மட்டும் மூக்கணாங்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். "எத்தனை வருசமாச்சு தாயி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் மடியிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து அவள் முந்தானையில் போட்டுவிட்டு மாட்டைத் தட்டிவிட்டார். இழவு வீட்டில் பேசத் தெரியாதவர்கள் நடந்துகொள்கிற மாதிரி இருந்தது அது. அங்காயி உப்பை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். சாம்பி பின்னாலேயே வந்தாள்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் சாம்பி நனைந்து நின்றாள். கிழிந்த காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆத்தா, ஆமணக்கு ஒழுகுது. உள்ள ஒரு ஓரம் கிடைச்சாப் போதுமுங்க."

"வா. இடம் பாத்துப் படுத்துக்க" என்றாள் அங்காயி, அடுப்பைப் பார்த்தபடியே.

சாம்பி உள்ளே வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசற்படியில் கருவாயன் உறுமினான். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையா? இது என் கோடு." அடுப்போரத்தில் செவலை தூங்குகிற பாவனையில் இன்னும் கொஞ்சம் காலை நீட்டினான். கால்மாட்டில் குட்டையன், "எனக்கே பத்தலக்கா" என்றான். சாம்பி இன்னொரு சுற்று வந்தாள். இடம் சுற்றச் சுற்ற வளருமா என்ன? கடைசியில் மேற்குச் சுவரோரம் நின்றாள். அங்கே பாய் விரிந்து கிடந்தது, யாரும் இல்லாமல், ஒரு ஆள் நீளத்துக்கு.

அவள் அதன்மேல் கால் வைக்கவில்லை. ஈரம் படக்கூடாது என்று தள்ளியே நின்று கேட்டாள்.

"ஆத்தா, இந்தப் பாயில ஒரு ஓரம் மட்டும். அவரு வந்தா உடனே எந்திரிச்சுக்குவேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்காயி என்ன சொல்லியிருப்பாளோ, தெரியாது. அன்றைக்கு அவள் முந்தானையில் அந்தக் கை உப்பு இன்னும் முடிந்தபடியே இருந்தது.

"அவரு வரமாட்டாருன்னு முடிவு பண்ணித்தான அதுல படுக்கப் பாக்கற? நீயுமா? தெனம் வருவாருன்னு சொன்னதெல்லாம் பொய்யா? இடமில்ல. போடி வெளிய!"

சாம்பி மறுபடி ஒரு தடவை அறையைச் சுற்றிப் பார்த்தாள், யாராவது "இப்படி வா" என்று சொல்லிவிடமாட்டார்களா என்கிற மாதிரி. ஒருவரும் சொல்லவில்லை.

"சரிங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் கருவாயனை மிதிக்காமல் தாண்டி வெளியே போனாள்.

ஆமணக்கடியில்தான் படுத்திருப்பாள் என்று அங்காயி நினைத்துக்கொண்டாள். மழை வலுத்தது. எழுந்துபோய்க் கூப்பிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. காலையில் ரெண்டு வார்த்தை நல்லதாகப் பேசிக்கொள்ளலாம், நாய்தானே, மறந்துவிடும் என்று இன்னொரு மனம் சொன்னது. அவள் இரண்டாவது மனத்தோடு படுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது ஆமணக்கடியில் யாரும் இல்லை. தண்ணீர் தேங்கியிருந்தது. கால்தடம் எல்லாவற்றையும் மழை கழுவிவிட்டிருந்தது. அங்காயி கரட்டைச் சுற்றினாள், ஓடைக்கரை முழுக்கத் தேடினாள், கடைசியில் வண்டித் தடத்துக்கு வந்தாள். அங்கே நின்றுகொண்டு, "சாம்பீ!" என்று கூப்பிட்டாள்.

புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதனால் அத்தனை வருஷமாக அதே தடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டேதான் நின்றிருக்கிறாள். வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தடவை கூப்பிட்டதும் நிறுத்த முடியவில்லை. நாய்க்காகவும் கூப்பிட்டாள், உப்புக்குப் போனவனுக்காகவும் கூப்பிட்டாள். வெளியில் வந்தது ஒரே பெயர்தான். தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டுவிட்டு, சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீடு திரும்பியபோது மூன்று நாய்களும் தத்தம் கட்டத்தில் படுக்காமல் நின்றுகொண்டிருந்தன. மேற்குச் சுவரோரம் பாய் சுருட்டப்படாமல் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நான் அரை முழம் நகர்ந்திருந்தாப் போதும் ஆத்தா" என்றான் கருவாயன். "வீட்டைப் பாத்துக்கன்னுதான் அவரு சொன்னாரு. வந்தவளை விரட்டுன்னு சொல்லல."

செவலை தலை நிமிரவில்லை. குட்டையன்தான் சின்னவன், மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாதவன். "வராதவருக்குப் பாய் இருந்துச்சு. வந்தவளுக்கு ஓரம் இல்லையே ஆத்தா" என்றான்.

அங்காயி விளக்குமாற்றை எடுத்து, சாம்பல் கோடுகளை ஒன்றுவிடாமல் அழித்தாள். "இனி இந்த வீட்டுல யாருக்கும் சொந்த இடம் கிடையாது. எனக்கும் கிடையாது" என்றாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் குட்டையன் படுக்கப் போனான். பொத்தென்று விழ மனம் வரவில்லை. இன்னும் யாராவது இடமில்லாமல் நிற்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். இன்னொரு சுற்றும் வந்தான். பிறகு காலை மடக்கி, வாலை இழுத்து, மூக்கை அதற்குள் வைத்து, முடிந்தமட்டும் சின்னதாகச் சுருண்டுகொண்டான். அவன் பக்கத்தில் இன்னொரு நாய்க்கு இடம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துச் செவலையும் அப்படியே செய்தான். கருவாயனுக்கு வயசான எலும்பு, மடங்க மறுத்தது. ஆனாலும் முனகிக்கொண்டே மடக்கினான். அங்காயி அன்றுதான் முதல்முதலாகச் சடையனுடைய பாயில் படுத்தாள். படுத்ததும் ஒரு ஓரத்தில்தான், முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு. மீதிப் பாய் காலியாகவே இருந்தது. அது யாருக்கு என்று அவளை யாரும் கேட்கவில்லை.

சாம்பி திரும்பி வரவேயில்லை. சடையனும் வரவில்லை. கதவு மட்டும் அந்த வீட்டில் மழையிலும் சாத்தப்படவில்லை. குட்டையனுக்குக் குட்டிகள் பிறந்தன, அவை சுருண்டு படுக்கப் பழகின. அந்தக் குட்டிகளின் குட்டிகள் வண்டிகளுக்குப் பின்னால் ஊர் ஊராகப் போயின, பழக்கத்தையும் கூடவே கொண்டுபோயின. பிற்பாடு பிராணிகளுக்குப் பேச்சு நின்றுபோனது. ஏன் இப்படிப் படுக்கிறோம் என்று எடுத்துச் சொல்லவும் நாய்களால் முடியாமல் போயிற்று.

கோடை மத்தியானத்தில் மட்டும் நாய் காலை நீட்டிப் படுக்கிறதே என்று கேட்பீர்கள். சாம்பியே வெயில் காலத்தில் வெளியில் சௌக்கியமாகப் படுத்தவள்தானே, அப்போது யாருக்கும் உள்ளே இடம் வேண்டியிருக்காது என்று நாய்களுக்குத் தெரியும். குளிரும் மழையும் வரட்டும், பாருங்கள். மனிதர்கள் நாம்தான் அங்காயி அழித்த கோட்டை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்று முதல்தான், தெருவே ஆளில்லாமல் கிடந்தாலும், உலகத்தில் தான் ஒன்றே மிச்சம் என்றாலும், ஒரு நாய் படுக்கும் முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, இன்னும் வராத ஒருத்திக்குப் பாதி இடத்தை விட்டு, சுருண்டு படுத்துக்கொள்கிறது.