கண்டதா, கருதியதா, நம்பியதா?

பூதங்கள் பொய்யர்களை விழுங்கும் என்று ஒரு கருத்து நாடெங்கும் பரவியிருக்கிறது. படித்தவர்களே இப்படிச் சொல்லித் திரிவது மிகவும் கவலைக்குரியது. செங்காலாற்றுப் பாலத்துப் பூதம் விழுங்கியவர்களில் ஒருவர்கூடப் பொய் சொன்னவர் அல்ல. அதனால்தான் எல்லாரும் அவ்வளவு தைரியமாக அதன் வாய்க்குள் போனார்கள்.

ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்து, மலைகளுக்கு இன்னும் வைத்திராத காலம் அது. செங்காலாற்றின் இக்கரையில் வேணி என்றொரு பெண் இருந்தாள். அக்கரையில் மாறன் இருந்தான். அன்று இருவருக்கும் கல்யாணம். ஆற்றில் வெள்ளம், கடக்க இருந்தது ஒரே ஒரு மரப்பாலம். விடிந்து பார்த்தால், பாலத்தின் நடுவே பனைமர உயரத்தில் ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது.

"ஓர் உண்மை சொல். பாலத்தைக் கட!" என்று அது கர்ஜித்தது.

"பொய் சொன்னால் விழுங்கிவிடும் போலிருக்கிறது" என்றார் ஒருவர். அடுத்தவர் "போலிருக்கிறது" என்பதை விட்டுவிட்டுச் சொன்னார். அரை நாழிகைக்குள் அது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது.

மாப்பிள்ளையை அழைக்க ஆரத்தித் தட்டோடு காத்திருந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வேணி எட்டிப் பார்த்தாள்.

முதலில் பாலத்தில் ஏறியவன் ஆட்டுத் திருடன் காத்தான். வாயைத் திறந்தால் பொய் என்று பேரெடுத்தவன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என் தோளில் இருப்பது ஆடு" என்றான் காத்தான்.

"கண்டதா? கருதியதா? நம்பியதா?" என்று கேட்டது பூதம்.

"கண்டதுதான்."

"போ."

காத்தான் போனான். ஆடும் போனது. ஆட்டின் சொந்தக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

அடுத்து வந்தவர் கல்யாணத் தரகர் சோலையப்பர். "எங்கள் மாப்பிள்ளை தங்கமான பையன்!"

"கண்டதா? கருதியதா? நம்பியதா?"

"கண்டதுதான் சாமி! தரகனாக இத்தனை வருஷம்..."

பூதத்தின் வாய் தானாகவே திறந்தது. லபக்! சோலையப்பர் இல்லை. அவருடைய குடை மட்டும் பாலத்தில் உருண்டது.

மாப்பிள்ளையின் தகப்பனார் அம்பலவாணர் முன்னே வந்தார். பிறந்தது முதல் பொய்யே பேசாதவர். "தரகர்தானே, பொய் சொல்லியிருப்பார். நான் சொல்கிறேன் உண்மை: பெண் வீட்டு மோர்க்குழம்பு வாயில் வைக்க விளங்காது!"

வேணியின் அம்மா "ஐயோ!" என்று அலறினாள். பூதத்தைப் பார்த்து அல்ல.

"கண்டதா? கருதியதா? நம்பியதா?"

"கண்டதுதான். இரண்டு முறை சாப்பிட்டே கண்டேன்."

லபக்!

"அப்பா!" என்று மாறன் மாலையும் கழுத்துமாக ஓடிவந்தான். "இன்று எனக்குக் கல்யாணம் நடக்கும். இதுதான் உண்மை!"

"கண்டதா? கருதியதா? நம்பியதா?"

"கண்டது போலத்தான்!"

லபக்! மாலையிலிருந்து ஒரே ஒரு சம்பங்கி காற்றில் மிதந்து வந்து ஆரத்தித் தட்டில் விழுந்தது.

மேளக்காரர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. வேணி தட்டிலிருந்த பூவைப் பார்த்தாள். பிறகு பாலத்தை நோக்கி நடந்தாள்.

"போகாதேடி! அது பொய்யர்களை விழுங்கும்!"

"அம்மா, அம்பலவாணர் மாமா என்றைக்குப் பொய் சொன்னார்? காத்தான் என்றைக்கு உண்மை சொன்னான்?"

வேணி பாலத்தில் ஏறினாள்.

பூதம் குனிந்து வேணியைப் பார்த்தது. "கடைசியாக உள்ளே போனானே, அவன் எப்படிப்பட்டவன்?"

'நல்லவன்' என்ற சொல் வேணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"போன ஐப்பசி மழையில் எங்கள் கன்றுக்குட்டி ஆற்றோடு போனது. அவன் நீந்திப் போய்த் தூக்கிவந்தான். அது நான் கண்டது."

பூதத்தின் வாய் திறக்கவில்லை.

"அதனால் அவன் நல்லவன். அது நான் கருதியது. வேறொருத்தி வேறு மாதிரி சொல்லலாம்."

பூதத்தின் வயிறு கடகடவென்றது.

"அவன் திரும்பி வருவான். அதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. அது நான் நம்பியது."

பூதம் பல்லை நறநறவென்று கடித்தது. இப்படிப் பிரித்துப் பிரித்துப் பேசுகிறவளை அது பார்த்ததே இல்லை.

"வாயாடி! என்னையே மடக்கப் பார்க்கிறாயா? மூவுலகிலும் என்னைப் போல அறிவாளி எவனும் கிடையாது!"

வேணி தலையைச் சாய்த்துக் கேட்டாள்: "கண்டதா? கருதியதா? நம்பியதா?"

"கண்டதுதான்!" என்றது பூதம்.

சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது. அதன் கண்கள் பிதுங்கின. வாய் தானாகவே திறந்தது. பெருவிரல், முழங்கால், தொந்தி என்று பூதம் தன்னைத்தானே விழுங்கத் தொடங்கியது. கடைசியில் பாலத்தின் மேல் வாய் மட்டுமே மிச்சம் நின்றது. அதுவும் தன்னை ஒரு முறை மென்று பார்த்துவிட்டு மறைந்தது.

அந்த இடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோலையப்பர், அம்பலவாணர், மாறன், அப்புறம் யாருக்கும் தெரியாத ஒல்லியான ஒரு பண்டிதர்.

"அரசவையில் என் அபிப்பிராயத்தையெல்லாம் உண்மை என்று சாதித்தேன். பூதமாகப் போ என்று ஒரு முனிவர் சபித்துவிட்டார்" என்றார் பண்டிதர், கழுத்தைத் தடவியபடி. "பெண்ணே, நீ நூறாண்டு வாழ்வாய்..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, "என்று நம்புகிறேன்" என்று முடித்தார்.

மாறன் வேணியைப் பார்த்தான். "நான் நல்லவன் என்றாயாமே?"

"கருதினேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும்."

மேளம் கொட்டியது. கல்யாணம் நடந்தது. பந்தியில் வேணியின் அம்மா சம்பந்தியின் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். "மோர்க்குழம்பு எப்படி?"

அம்பலவாணர் நெடுநேரம் யோசித்தார். "இதில் மோர் இருக்கிறது" என்றார்.

தரகர் சோலையப்பர் தொழிலை விடவில்லை. பெண் வீட்டில் போய் உட்கார்ந்ததும், "பையன் ஐந்தரை அடி உயரம். இடது காதில் ஒரு மச்சம். மற்றதெல்லாம் நான் கருதுவது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

அதன் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை செங்காலாற்றின் இரண்டு கரையிலும் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை.