தேக்கு அலமாரிக்குள் பாடிய அம்மாள்

மிராசுதார் கனகசபை வாங்கிய பாட்டுப்பெட்டி பார்ப்பதற்கு அசல் அலமாரிதான். தேக்கு மரம், கதவில் மயில், வளைந்த கால்கள். பாட்டு வரும் குழாய்கூட உள்ளேதான் ஒளிந்திருந்தது. ஏற்கெனவே பெருமை பிடித்த மனுஷன், கேட்க வேண்டுமா!

சப் ஜட்ஜும் அவர் மனைவியும் வந்த அன்று பெட்டியைப் பாட விட்டுவிட்டு, சமையல்காரர் வீராச்சாமியைக் கூப்பிட்டார்.

"டேய், உள்ளே ஒரு அம்மா பாடுறாங்க, தொண்டை காயும். காபி கொடுத்துக் குடிக்க வை. முடியலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

விருந்தாளிகள் சிரித்தார்கள். நாலு பிள்ளை பெற்ற வீராச்சாமிக்குச் சிரிப்பு வருமா?

அவர் காபியை அலமாரி முன் வைத்து, பாட்டு முடியும்வரை கைகட்டி நின்றார்.

"குடிக்க மாட்டேங்குறாங்க எஜமான். இந்த வீட்டுல பாடினவங்களுக்கு முதல்ல நீங்கதானே சால்வை போர்த்தித் தாம்பூலம் கொடுப்பீங்க? அது ஆகாம எப்படிக் குடிப்பாங்க?"

"நியாயம்தானே!" என்றார் சப் ஜட்ஜ் மனைவி.

மிராசுதாரின் சம்சாரம் வேறு, "தட்டு எடுத்து வரட்டுமாங்க?" என்று எழுந்துவிட்டாள்.

மரக்கதவுக்குச் சால்வை போர்த்துவதா? மிராசுதார் கத்தினார்: "அது வெறும் பெட்டிடா! உள்ளே யாருமே இல்லே!"

"யாரும் இல்லேன்னா, குடிக்காதது என் குத்தமில்லையே எஜமான். நாளைக்கு வழக்கம்போல வரேனுங்க."

ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு வீராச்சாமி உள்ளே போனார்.