மேடையில் ஒரு தலையசைப்பு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

சொல்பவரே ஜெயிக்கிற கதைகள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. நம்பாமல் இருப்பதில் எனக்கே ஏதாவது சௌகரியம் இருந்ததோ என்னவோ, அதையும் யோசித்திருக்கிறேன்.

சொன்னவர் நல்லசிவம். ஒரு காலத்தில் அதிபர் திருமேனியின் செயலாளராக இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டார். இப்போது அவரிடம் ஆட்கள் நல்ல வார்த்தை கேட்டு வருகிறார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய அணையின் மதகுகளைத் திறந்தார்கள். கரையோரக் குடியிருப்புக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பலர் செத்துப்போனார்கள்.

தன்னிச்சையாகத் திறந்துவிட்டார் என்று பொறியாளர் சவரிநாயகத்தைச் சிறையில் போட்டார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தது என்றார் அவர். யார் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார் அதிபர்.

விவகாரம் அடங்கவில்லை. மாதங்கள் போகப்போகப் பெருத்தது. கடைசியில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. அணை திறந்த அதே மாலை, அதிபர் மகளின் கல்யாண வரவேற்பு. மேடையில் நல்லசிவம் அதிபரின் காதருகே குனிந்திருக்கிறார்.

அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்த நல்லசிவத்தை அதிபர் ஆளனுப்பி வரவழைத்தார்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். என்ன சொல்லட்டும்?"

"என்ன சொல்வதாக உத்தேசம், ஐயா?"

"பந்தியில் இடம் போதவில்லை என்று நீ வந்து சொன்னாய்."

"நம்பும்படி இருக்கிறது."

"நீயும் அதையே சொல்வாய், இல்லையா?"



"ஒத்திகை பார்க்கலாமா, ஐயா? முன்பெல்லாம் பார்ப்போமே."

ஒவ்வொரு பத்திரிகையாளர் கூட்டத்துக்கு முந்தின நாளும் அவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். நல்லசிவம் நிருபராக உட்கார்ந்து குடைந்து குடைந்து கேட்பார். அதிபர் பதில் சொல்லிப் பழகிக்கொள்வார்.

அதிபரின் முகம் தெளிந்தது.

"நல்ல யோசனை. கேள்."

"இன்றைக்கு நீங்கள் கேளுங்கள். நான் அதிபர்."

"என் நாற்காலி மேல் இத்தனை நாளாகக் கண்ணா உனக்கு?"

"உட்கார்ந்து பார்க்கிறேன். முதுகு வலித்தால் எழுந்துவிடுகிறேன்."

அதிபர் சிரித்துக்கொண்டே எழுந்தார். எதிரே இருந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அதிபர் அவர்களே, சௌக்கியமா?"

"இதைக் கேட்கத்தான் உங்கள் பத்திரிகை பஸ் செலவு கொடுத்து அனுப்பியதா?"

அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அணையைத் திறக்கச் சொன்னது யார்?"

"எனக்குத் தெரியாது. அன்று என் மகளுக்குக் கல்யாணம்."

"உங்கள் செயலாளர் காதில் என்ன சொன்னார்?"

"பந்தியில் இடம் போதவில்லை என்றார்."

"படத்தில் நீங்கள் பந்திப் பக்கம் பார்க்கவில்லையே. வெளியே மழையைப் பார்க்கிறீர்கள்."

"விருந்தாளிகள் நனைவார்களே என்று பார்த்தேன்."

"பிறகு?"

"தலையாட்டினேன்."

"எதற்கு?"

"இன்னொரு பந்தி போடுவதற்கு."

அதிபர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"கரையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லையா?"

"பந்தியைப் பற்றி மட்டும்தான் சொன்னார்."

"பொய்."

அதிபர் அவரை நோக்கி விரலை நீட்டினார்.

"இப்போதே திறக்கட்டுமா என்று கேட்டான். கரையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் நீ தலையாட்டினாய்."

அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

நல்லசிவம் அதிபரின் நாற்காலியை விட்டு எழுந்தார். அதிபர் மர நாற்காலியிலேயே இருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் அதிபர் அந்த உண்மையையே சொன்னார். பதவி போயிற்று. சவரிநாயகம் வெளியே வந்தார்.

இந்த இடம் வந்ததும் கேட்பவர்கள் நல்லசிவத்தைக் கைகூப்பிக் கும்பிடுவார்கள். சந்தேகத்தோடுதான் என்றாலும், நானும் ஒருமுறை கும்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் மறுபடி போனேன். மறுபடி சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. அந்த அறையில் அப்படி நடந்திருக்குமா என்றே இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். அது நடந்துதான் இருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியது எது என்று தெரிந்தது.

"மேடையை விட்டு இறங்கி, சவரிநாயகத்துக்குப் போன் செய்தது யார் ஐயா?"

"நான்தான்."

"அவர் சிறையில் இருந்த அத்தனை மாதமும், யார் வந்து கேட்க வேண்டும் என்று நீங்கள் காத்திருந்தீர்கள்?"