யாரும் அழாத சாவு

"எனக்கு என்ன சீக்குன்னுகூட ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க அம்மா."

உலகேஸ்வரி வந்ததும் வராததுமாகச் சொன்னது இதைத்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து குடிலுக்குக் கூப்பிடு தூரம். அதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தாள்.

பூரணி அம்மை குடில் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உலகேஸ்வரியைவிடப் பத்து வயது இளையவள். மலையடிவாரத்தில் இந்தக் குடிலைப் போட்டுக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறவள். உலகேஸ்வரிக்கு அவள் அம்மா. அவளுக்கு உலகேஸ்வரி அக்கா.

"உக்காருங்கக்கா" என்றாள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியலம்மா."

"அப்பம் படுங்க."

உலகேஸ்வரி படுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினாள்.

அவள் தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பீட்டி டீச்சர். கொரோனா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பி இரண்டு வருஷமாகிறது. காய்ச்சல் போய்விட்டது. அது கொண்டுபோனது மட்டும் திரும்பி வரவில்லை.

குளித்தால் படுக்க வேண்டும். மாடி ஏறினால் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. வருஷக் கணக்காகப் பழகிய பிள்ளைகளின் பேர் நாக்கு நுனியில் நின்று நழுவிப் போகிறது. மைதானத்தில் ஒருநாள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சும்மா. எல்லாம் நார்மல்னு வருது. நார்மல்னா நான் ஏன் இப்படிக் கெடக்கேன்? மனசுதான் காரணம்ங்காரு என் வீட்டுக்காரரு. நடிக்கான்னு மாமியா எனக்குக் கேக்கத்தான் சொல்லுதாங்க."

"ம்."

"நீங்க சொன்ன மூச்சுப் பயிற்சியும் செஞ்சேன். தலையச் சுத்திக் கீழ விழுந்துட்டேன்."

"அதை விட்டுருங்க."

"வேற ஏதாவது சொல்லுங்க. எப்பம்மா சரியாகும்?"

"தெரியாதுக்கா."

உலகேஸ்வரி அவளையே பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையை இதுவரைக்கும் எந்த டாக்டரும் சொன்னதில்லை.

"வார வழியில ஆத்துப் பாலத்துல எறங்கி நின்னேன்" என்றாள் மெல்ல. "ரொம்ப நேரம் நின்னேன். தாண்டிக் குதிக்கக்கூடத் தெம்பு வேணும் போலுக்கு."

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தாள். பக்கத்தில் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பழைய உலகேஸ்வரி வேணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ எப்படி இருப்பா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

சொன்னாள். விடியுமுன் எழுந்து பிள்ளைகளோடு குளத்தைச் சுற்றி ஓடுவாள். ஓடிவந்த கையோடு ஆறு இட்லியை உள்ளே தள்ளுவாள். கால் பிசகின ஒரு பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடியிருக்கிறாள். கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பாள். கண்டக்டர் திட்டினால் சிரிப்பாள்.

"அவ இப்பம் எங்க?"

"செத்துட்டா."

யோசித்துச் சொன்னதில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"எப்பம் செத்தா?"

"அந்தக் காய்ச்சல்லதான்."

"யாரு அழுதா?"

"யாரு அழுவா? ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஆரத்தில்லா எடுத்தாங்க. தேங்கா ஒடைச்சாங்க. பொழச்சு வந்துட்டா, பொழச்சு வந்துட்டான்னு தெருவே சிரிச்சுது."

"நீங்க அழலையா?"

"பொழச்சு வந்தவ எப்படிம்மா அழ முடியும்?"

பூரணி அம்மை தன் கொண்டையை அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்தது. மண் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மாரில் அறைந்துகொண்டாள்.

"ஓடிவந்த காலுக்காரி, ஏ என் ஒடம்பொறப்பே!
ஓஞ்சு போயி நின்னியேடி, ஏ என் ஒடம்பொறப்பே!"

தியானம் பழக வந்திருந்த இரண்டு பெண்கள் குடிலுக்குள்ளிருந்து பதறி ஓடி வந்தார்கள்.

"யாரும்மா? யாரு போயிட்டா?"

"உலகேஸ்வரி" என்றாள் அம்மை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்த உலகேஸ்வரியைப் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார்ந்து அம்மையின் தோளில் கை போட்டாள்.

"நிறுத்துங்கம்மா!" உலகேஸ்வரி கத்தினாள். "நான் உசிரோடதான இருக்கேன்! என்ன வெளையாட்டு இது?"

அம்மை நிறுத்தவில்லை.

"போற பஸ்ஸ மறிச்சவளே, ஏ என் ஒடம்பொறப்பே!
பொழுதடையும் முன்ன போனியேடி, ஏ என் ஒடம்பொறப்பே!"

பாட்டில் வந்த அந்தப் பஸ்தான் அவளைச் சாய்த்தது. உலகேஸ்வரி தவழ்ந்து வந்து அம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்தது கேவலாகப் பீறிட்டு வந்தது.

அம்மையோடு சேர்ந்து ஒப்பாரி சொன்னவளுக்கு ஒரு வரிக்கு மேல் மூச்சு நிற்கவில்லை. இழுத்தது. அவள் மூச்சு திரும்பும்வரை அம்மை காத்திருந்தாள். பிறகு அடுத்த வரி.

வெயில் சாயும்வரை அழுதார்கள்.

அதன்பின் கிணற்றடியில் உட்காரவைத்து, அம்மையே நீர் இறைத்து அவள் தலையில் ஊற்றினாள்.

"குளிச்சா படுக்கணும்மா."

"படுங்க."

படுத்தாள். தூங்கினாள். எழுந்தபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. ஒப்பாரிச் சத்தம் கேட்டு, பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்திருந்தது. கொண்டுவந்த பெண் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். வட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. உலகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலில் அதே நடுக்கம். நெஞ்சில் அதே திக்திக். ஒன்றும் குறையவில்லை.

"போயிட்டு வாரேம்மா."

அம்மை தலையை ஆட்டினாள்.

"துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாதுக்கா. பேசாம போங்க."

உலகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அம்மை அவளைத் தனியாக விடவில்லை. அவள் நடைக்கு நடை கூடவே வந்தாள். வழியில் அவள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தானும் உட்கார்ந்தாள்.

பஸ் வந்தது. ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மை சொன்னாள்:

"பதினாறாம் நாள் காரியம் இருக்கு. கண்டிப்பா வந்துரணும். அவளுக்குச் சொந்தம்னு உங்களை விட்டா வேற யாருக்கா இருக்கா?"