பவளம் டீச்சரின் குரல்

உலகம்மையிடம் பயின்றவர்களில் திரவியம்தான் வயதில் பெரியவர். உலகம்மையைவிடவே பத்து வயது மூத்தவர். பஞ்சாலையை மூடியபோது வேலை போயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள, மலையடிவாரத்தில் உலகம்மை நடத்திவந்த பயிற்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் "டீச்சர்" என்று கூப்பிடுவார். உலகம்மை "அண்ணே" என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பயிற்சி முடிந்த அன்று உலகம்மை சொன்னார். "செங்கானூருக்குப் போங்கண்ணே. அங்க ஒரு வருசமா டீச்சர் இல்லை."

"அப்ப புள்ளைங்க?"

"தினமும் பள்ளிக்கூடத்துக்கு வருதாம்."

"வந்து?"

"வாசிக்குதாம்."

திரவியம் சிரித்தார். உலகம்மை சிரிக்கவில்லை.

செங்கானூர் மலைக்கு அந்தப் பக்கம். சுற்றிலும் கல்குவாரிகள். கல் தீர்ந்துபோன குழிகளில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. பள்ளிக்கூடம் ஒற்றை அறை, ஓட்டுக் கூரை.

தூரத்தில் வரும்போதே திரவியத்துக்குப் பாடம் கேட்டது. ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவயதுக் குரல், லேசாகக் கரகரத்தது. யாரோ டீச்சர் வந்துவிட்டார்கள் போல, நம்மை எதற்கு அனுப்பினார்கள் என்று நினைத்தபடி வாசலில் எட்டிப் பார்த்தார்.

உள்ளே பெரியவர்கள் யாரும் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. அந்தக் குரல் அங்கிருந்துதான் வந்தது.

"ஆடு மலை ஏறும். ஆற்றில் மீன் நீந்தும். இரவில் நிலா வரும்."

பிறகு ஒரு நிறுத்தம். எல்லோரும் சேர்ந்து தொண்டையைச் செருமினார்கள்.

"சன்னலைச் சாத்து, மழை வருது."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"ஈ பறக்கும். உரலில் நெல் இருக்கும்."

திரவியம் உள்ளே போய், முன்வரிசையில் இருந்த பையனிடம் கேட்டார். "சன்னலை ஏன்டா சாத்தச் சொல்றீங்க?"

"பாடத்துல இருக்கு சார்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பாடத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்ட பிறகும் பையன் வாசிப்பதை நிறுத்தவில்லை. சரியான இடத்தில் விரலை நாக்கில் தொட்டு, இல்லாத பக்கத்தைப் புரட்டினான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவள் பெயர் பேச்சி.

திரவியம் பலகையில் "மீன்" என்று எழுதினார். "இது என்ன?"

எல்லோரும் பார்த்தார்கள். பேச்சிதான் கேட்டாள். "அதுக்கு முன்னாடி என்ன வரும் சார்?"

"முன்னாடி ஒண்ணும் வராது. இது மட்டும்தான்."

"அப்படின்னா அது ஒண்ணுமில்லை சார்."

"சரி. உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"டீச்சர்."

"அவங்க பேரு?"

"டீச்சர்தான் சார்."

"எங்க இப்ப?"

முன்வரிசைப் பையன் சொன்னான். "போன வருசம் காய்ச்சல்ல செத்துப்போனாங்க. நாங்கதான் விடாம வாசிக்கிறோம்."

"நீயும் அவங்ககிட்டப் படிச்சியா?" என்று பேச்சியைக் கேட்டார்.

"நான் அவங்களைப் பார்த்ததே இல்லை சார். இப்பத்தான் சேர்ந்தேன்." சொல்லிவிட்டு, ஒரு நடுவயதுப் பெண் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அன்று மதியம் சன்னலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றார். மேலெல்லாம் கல்தூசி, கண்கள் மூடியிருந்தன. பாடம் முடியும்வரை சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முடிந்ததும் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

திரவியம் வெளியே போய் விசாரித்தார். அந்த ஆளின் பெயர் மாசானம், குவாரியில் கல் உடைக்கிறவர். செத்துப்போன டீச்சர் பவளம் அவருடைய மனைவி.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் மாசானம். "நீங்க எழுத்தைத் தனித்தனியாப் பிரிச்சு, சத்தம் சத்தமாச் சொல்லிக்குடுப்பீங்களாமே?"

"ஆமா. ஒவ்வொரு எழுத்துக்கும் அதோட சத்தம் தெரிஞ்சாத்தான் புதுச் சொல்லைப் புள்ளைங்க தானா வாசிக்கும்."

"பவளமும் அதை ஆரம்பிக்கணும்னுதான் சொல்லிட்டிருந்தா. முதல்ல கூடவே சொல்ல வைப்பேன், பிறகு பிரிச்சுக் காட்டுவேன்னு. அதுக்குள்ள படுத்துட்டா."

"அப்ப நான் அதைச் செஞ்சு முடிக்கிறேன்."

மாசானம் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சார். எங்கிட்ட அவ போட்டோகூட இல்லை. அவ குரல் இந்தப் புள்ளைங்க வாயிலதான் இருக்கு. நீங்க பிரிச்சீங்கன்னா அவ போயிருவா. ஒரு தடவை போனதே போதும் சார்."

திரவியமும் மனைவியைப் பறிகொடுத்தவர்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் பிள்ளைகள் வாசிப்பார்கள். அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொள்வார். சொல்லப்போனால், அந்த நாற்காலியில் உட்கார அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், பள்ளி விட்டு வரும் வழியில், குவாரிப் பக்கம் அந்தக் குரல் கேட்டது. மற்ற குரல்கள் இல்லாமல் தனியாகக் கேட்டது.

"ஆடு மலை ஏறும். ஆற்றில் மீன் நீந்தும்."

பள்ளத்துத் தண்ணீருக்குள், ஆழம் தொடங்கும் இடத்தில், ஒரு தகரப் பலகை நட்டிருந்தார்கள். 'ஆழம். இறங்காதே' என்று அதில் சிவப்பில் எழுதியிருந்தது. பேச்சி அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து வாசித்துக்கொண்டே, அதை நோக்கி நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தாள். இடுப்புவரை போயிருந்தாள்.

"பேச்சி!"

அவள் திரும்பவில்லை. "இரவில் நிலா வரும்," என்றது குரல். அடுத்த அடியில் அவள் தலை முழுகியது.

திரவியம் செருப்போடு பாய்ந்தார். தலைமுடிதான் கைக்குச் சிக்கியது. கரையில் போட்டுக் குப்புறத் திருப்பி முதுகில் தட்டினார். பச்சைத் தண்ணீராகக் கக்கினாள். மூச்சு வந்ததும் முதல் வேலையாகத் தொண்டையைச் செருமினாள்.

"அங்க என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?" திரவியம் அதட்டினார்.

"தெரியும் சார். 'ஆ' இருந்துச்சு. பாடம் அதுலதான ஆரம்பிக்கும்? வாசிச்சேன்."

பேச்சியை அவள் வீட்டில் சேர்த்துவிட்டு, ஈர வேட்டியோடு மலை தாண்டிப் போனார் திரவியம். பயிற்சிச் சாலை வாசலில் உலகம்மை சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். திரவியம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் எதைச் செய்யணும் டீச்சர்? புள்ளைங்களை அப்படியே விட்டா ஒண்ணு ஒண்ணாப் போயிரும். பிரிச்சுச் சொல்லிக்குடுத்தா அந்த மனுசன் செத்துருவாரு."

"அந்தக் குரல் என்ன சொல்லுதுண்ணே?"

"பாடத்தைச் சொல்லுது."

"பாடத்துல இல்லாதது?"

திரவியம் யோசித்தார். "சன்னலைச் சாத்து, மழை வருதுன்னு."

"யாராவது சாத்துனீங்களா?"

"மழை வரலையே டீச்சர்."

உலகம்மை டப்பாவை மூடினார். "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் உலகம்மை பிள்ளைகளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தார். மாசானம் வழக்கம்போலச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசிப்பு ஆரம்பித்தது. ஆடு மலை ஏறியது. மீன் நீந்தியது. நிலா வந்தது. பிள்ளைகள் செருமினார்கள்.

"சன்னலைச் சாத்து, மழை வருது."

உலகம்மை எழுந்தார். சன்னலுக்குப் போனார். மாசானத்தின் முகத்தைப் பார்த்து, "கையை எடுத்துக்கங்க அண்ணாச்சி," என்றார். அவர் திகைத்துப்போய்க் கையை எடுத்தார். உலகம்மை இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

அறை இருண்டது. குரல் நின்றுவிட்டது.

திறந்த வாய்கள் அப்படியே இருந்தன. யாருக்கும் அடுத்த வரி வரவில்லை. சொன்னதை ஒருவர் செய்தால் அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது. ஓட்டின் மேல் ஏதோ ஊர்ந்து போகும் சத்தம்கூடக் கேட்டது.

அந்த அமைதியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரவியம் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லா உதடுகளும் ஒட்டியிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மை நாற்காலியின் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் பொறுங்க டீச்சர்," என்றார், சக டீச்சரிடம் பேசுவது போல. "இந்தப் புள்ளை சொல்லட்டும்."

பேச்சியைக் கூப்பிட்டுப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். நான்கு எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதினார்.

"இதுக்கு உதட்டை ஒட்டிட்டுத் திற."

"ப."

"இதுக்குக் கீழுதட்டைப் பல்லுல தொடு."

"வ."

"நாக்கை மடிச்சு மேல தொடு."

பேச்சி திணறினாள். முதலில் "ல" வந்தது. பிறகு "ழ" வந்தது. எச்சில் தெறித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். திரவியம் அங்கே வந்த பிறகு அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி சிரித்தார்கள்.

"ள!"

"கடைசிக்கு வாயை மூடிக்க. மூடிட்டுச் சத்தம் போடு."

"ம்."

"இப்ப விரலை எடுக்காம இழு. எங்கயும் நிக்காத."

பேச்சி பலகையில் விரலை வைத்தாள். "ப... வ... பவ... ள..." தொண்டை அடைத்தது. செரும வாயெடுத்தாள். உலகம்மை அவள் முதுகில் கை வைத்தார். பேச்சி செருமவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். கீச்சுக்குரல், மூக்கடைத்த குரல். அவளுடைய குரலே அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"பவளம்!"

சன்னல் கதவு அதிர்ந்தது. வெளியிலிருந்து மாசானம் இரண்டு கையாலும் அடித்தார். "யாரு? யாரு அவளைக் கூப்பிட்டது?"

உலகம்மை கொக்கியை எடுத்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"நான்தான் மாமா," என்றாள் பேச்சி. "இங்க எழுதியிருக்கு. நானே வாசிச்சேன்."

மாசானம் பலகையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "இதுவா அவ பேரு?" என்று கேட்டார். பிறகு, "இன்னொரு தரம் வாசி தாயி," என்றார். அவள் வாசித்தாள். அவருடைய கண்ணீர் கல்தூசியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அப்படியே வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். ஒருத்தி முந்திப் போவாள், ஒருவன் பிந்தி நிற்பான், வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. பேச்சி தகரப் பலகையை வாசித்துவிட்டு, வந்த வழியே ஓடி வந்தாள். மாசானம் பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

திரவியத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை தாண்டிப் போய் உலகம்மை முன்னால் உட்கார்ந்தார்.

"டீச்சர், நாம அந்த அம்மாவைத் துரத்திட்டமா?"

உலகம்மை பதிலுக்குக் கேட்டார்.

"அண்ணே, புள்ளை தானா வாசிக்க ஆரம்பிச்சா, பக்கத்துல இருக்கிற டீச்சர் என்ன செய்யணும்?"

திரவியம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மெல்ல மூடிக்கொண்டார்.